பதினொன்று, பன்னிரண்டு, பத்தொன்பது: சுங்கை சிப்புட்டில் ஐந்து நாள்

மே 30, வெள்ளி

மலேசியாவில் பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டது என்று, திருச்சியிலிருந்து பெரியப்பா வீட்டுக்குக் கிளம்பியபோது எனக்குத் தெரியாது. கோலாலம்பூரிலிருந்து சுங்கை சிப்புட்டுக்கு நேரே மின்ரயில் இருக்கிறது. மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆனால் இன்றைக்கு ஓர் இருக்கைகூட இல்லை, நாளைக்கும் இல்லை. ஈப்போ போகும் பேருந்தில் ஏறினேன். மூன்றரை மணி நேரம் என்றார்கள், ஆறரை ஆயிற்று. நெடுஞ்சாலை முழுக்க ஊருக்குப் போகும் கார்கள். உள்ளே குளிரூட்டி நிற்கவே இல்லை, மேலே இருந்த துவாரத்தை மூடவும் முடியவில்லை. பக்கத்து இருக்கையில் இருந்த மலாய் அம்மா நான் நடுங்குவதைப் பார்த்துவிட்டுப் பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து என் தோளில் போட்டார். கூடவே ஒரு பொட்டலம் பீசாங் கோரேங். வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்தது, இன்னும் சூடு இருந்தது. "மாக்கான், மாக்கான்" என்று கையைப் பிடித்துத் திணித்தார். எனக்கு மலாய் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. ஈப்போ வரை சிரித்துக்கொண்டே வந்தோம்.

அண்ணன் பேருந்து நிலையத்தில் மூன்று மணி நேரமாகக் காத்திருந்தார். மழை கொட்டியது. சுங்கை சிப்புட் வீட்டுக்கு வரும்போது மணி ஒன்பதரை. வாசலிலேயே பெரியம்மா கேட்ட முதல் கேள்வி: "வா ஆயி, பசியாறிட்டியா?" பசியாறுவது என்றால் இங்கே பெரும்பாலும் காலை உணவுதான், ஆனால் களைத்து வந்தவளிடம் எந்த வேளையிலும் கேட்கலாம் போல. எனக்கு அந்தச் சொல்லே பாதி வயிற்றை நிரப்பிவிட்டது. சோறு, கீரை, நெத்திலி போட்ட சம்பால் என்கிற மிளகாய்த் தொக்கு. சம்பாலில் காரத்துக்கு அடியில் ஒரு இனிப்பு இருந்தது, அது பெரிய வெங்காயத்தை நெடுநேரம் வதக்கியதால் வந்தது என்றார் பெரியம்மா.

யார் யார் என்று சொல்லிவிடுகிறேன். என் தாத்தாவின் தம்பி திருச்சிப் பக்கத்திலிருந்து மலாயாவுக்குத் தோட்ட வேலைக்கு வந்தவர். அவர் மகன்தான் இந்தப் பெரியப்பா, வயது 78. தோட்டத்துப் பால் ஸ்டோரில், அதாவது ரப்பர் மரத்துப் பாலைச் சேர்க்கும் இடத்தில், 31 வருடம் வேலை. அவர் மகன், என் அண்ணன், ஆஸ்திரேலியாவில் பரோசா பள்ளத்தாக்கில் ஓர் ஒயின் ஆலையின் பீப்பாய் அறையில் வேலை செய்கிறார். அங்கே திராட்சை அறுவடை பிப்ரவரியில் தொடங்கி ஏப்ரலோடு முடிந்துவிடும், அதனால் இப்போது விடுப்பு. நான் திருச்சியில் காபிப் பொடிக் கடை நடத்துகிறேன். கொட்டை வாங்கி, வறுத்து, கலந்து, அரைத்து விற்பது எங்கள் வேலை.

தண்ணீர் எடுக்கக் குளிர்ப்பெட்டியைத் திறந்தேன். கீழ்த் தட்டில் செய்தித்தாளில் சுற்றிய மூன்று ஒயின் புட்டிகள். "அதைத் தொடாதே, உங்க அண்ணன் சாமான்" என்றார் பெரியம்மா. குரலில் வருத்தம் இருந்தது.

மே 31, சனி

காலை ஏழரைக்குப் பெரியப்பா என்னைக் கடைக்கு அழைத்துப் போனார். ரொட்டி சானாய், நம் பரோட்டா மாதிரி, ஒன்று 1 வெள்ளி 50 காசு; தே தாரிக், நுரைக்க ஆற்றிய பால் தேநீர், 2 வெள்ளி 20 காசு. ரிங்கிட் என்று யாருமே சொல்வதில்லை, வெள்ளிதான். கல்லாவில் இருந்தவர் நான் எந்த ஊர் என்று கேட்டார். திருச்சி என்றதும் எழுந்து நின்று கை கூப்பினார், அவர் அப்பாவின் ஊர் முசிறியாம். காசு வாங்க மறுத்துவிட்டார். பெரியப்பா காசை மேசையில் வைத்துவிட்டு வேகமாக வெளியேறினார். கடைக்காரர் பின்னாலேயே ஓடிவந்து ஒரு பொட்டலம் கேசரியைக் கையில் கொடுத்தார்.

இந்த ஊருக்குச் சரித்திரம் நிறைய. 1948 ஜூன் 16 அன்று பக்கத்துத் தோட்டங்கள் இரண்டில் மூன்று வெள்ளைக்கார நிர்வாகிகளைக் கம்யூனிஸ்ட் கொரில்லாக்கள் சுட்டுக் கொன்றார்கள். அதிலிருந்துதான் மலாயாவில் அவசரகாலம் தொடங்கி 1960 வரை நீடித்தது. மலேசியத் தமிழர்களின் அரசியல் தலைவர் துன் சம்பந்தன் பிறந்ததும் இங்கேதான், 1919இல். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது தொழிலாளிகளிடமே காசு சேர்த்துத் தோட்டம் வாங்க 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியவர். பெரியப்பா அவர் பெயரைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்.

பத்து மணிக்குப் பழைய தோட்டத்துக்குப் போனோம். பால்மரம், அதாவது ரப்பர் மரம், ஒன்றுகூட இல்லை, கண்ணுக்கெட்டிய தூரம் செம்பனை என்கிற எண்ணெய்ப் பனை. தொழிலாளிகள் குடியிருந்த வரிசை வீடுகளான லயங்களும் போய்விட்டன. ஆனால் பால் ஸ்டோர் நிற்கிறது, உர மூட்டை போட்டு வைத்திருக்கிறார்கள். காவலாளி நேப்பாளி, பெரியப்பாவைப் பார்த்துச் சிரித்தபடி கதவைத் திறந்துவிட்டார். உள்ளே வெள்ளை ஓடு பதித்த நீளமான தொட்டி. பெரியப்பா அதன் விளிம்பை உள்ளங்கையால் தட்டினார், மாட்டைத் தட்டிக்கொடுப்பது மாதிரி.

"ஒவ்வொரு மலையிலேர்ந்தும் பால் வரும் ஆயி. மழை பேஞ்ச மறுநாள் தண்ணியா இருக்கும். இலை கொட்டுற மாசத்துல வேற மாதிரி. கிழட்டு மரம் ஒரு மாதிரி, இளசு ஒரு மாதிரி. எல்லாத்தையும் இதுல ஊத்திக் கலக்கி, மெட்ரோலாக்குன்னு ஒரு அளவுக் கருவியை மிதக்க விட்டுப் பார்த்து, தண்ணி சேர்த்து ஒரே பதத்துக்குக் கொண்டு வருவோம். அப்புறந்தான் உறைய வைக்க ஆசிட். தனித்தனியா உறைய வச்சா ஒரு ரப்பர் ஷீட் மாதிரி இன்னொரு ஷீட் இருக்காது. வாங்கறவன் எடுக்க மாட்டான்."

எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும் போல் இருந்தது. இது நான் தினமும் செய்கிற வேலை. ஒரு வருடம் கொட்டை நன்றாக விளையும், மறு வருடம் மழை கெடுக்கும். பீபரி, பிளான்டேஷன் ஏ என்று காபிக் கொட்டையில் வகை உண்டு; அது கொஞ்சம், இது கொஞ்சம் என்று கூட்டிக் குறைத்துத்தான் போன மாதம் வாங்கியவருக்கு இந்த மாதமும் அதே ருசியைக் கொடுக்கிறோம். கடைக்கு வருபவர்கள் சிலர் "கலப்பு இருக்கா?" என்று கேட்பார்கள், கலப்படம் என்கிற அர்த்தத்தில். அந்தக் கேள்வி ஒவ்வொரு முறையும் சுடும். இரண்டு கொட்டையைக் கலப்பதும் புளியங்கொட்டைத் தூளைச் சேர்ப்பதும் ஒன்றா?

திரும்பும் வழியில் ஒரு புதரைக் காட்டினார். தோட்டத்துக் கள்ளுக்கடை இருந்த இடம். "எங்கப்பா சம்பளத்துல பாதி இங்கதான் போச்சு." வேறெதுவும் சொல்லவில்லை. 1941இல் கிள்ளான் பகுதித் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளில் ஒன்று, தோட்டங்களில் கள்ளுக்கடையை மூட வேண்டும் என்பது. கூலி உயர்வு கேட்டவர்கள் இதையும் சேர்த்துக் கேட்டார்கள். பெரியப்பா வாழ்க்கையில் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. பெரியம்மா குரலில் இருந்த வருத்தம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

ஜூன் 1, ஞாயிறு

காலையில் கோலகங்சார். 1877இல் அங்கே ஒன்பது ரப்பர்க் கன்றுகளை நட்டார்கள், அதில் ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறது, வேலி போட்டுக் காப்பாற்றுகிறார்கள். பெரியப்பா செருப்பைக் கழற்றிவிட்டு வேலிக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றார். வெயில் தாங்க முடியவில்லை. ஆற்றங்கரையில் லக்சா சாப்பிட்டோம், புளிப்பும் மீனும், நம் மீன் குழம்பில் நூடுல்ஸ் போட்ட மாதிரி. திரும்பும்போது சாலையோரத்தில் டுரியான், கிலோ 15 வெள்ளி. நான்கு பழம் அங்கேயே உடைத்துத் தின்றோம்.

அண்ணன் இன்று மாலைதான் அந்த மூன்று புட்டிகளையும் திறப்பதாக இருந்தார். பெரியம்மா ஒரே வார்த்தையில் நிறுத்திவிட்டார். டுரியான் சாப்பிட்ட வயிற்றில் மது போகக் கூடாது, உயிருக்கே ஆபத்து என்பது இங்கே எல்லா வீட்டிலும் சொல்வது. அண்ணன் எதிர்த்துப் பேசவில்லை. சரி, நாளைக்கு.

அதனால் மாலை முழுக்கப் பேச்சு. இடி, மழை, ஒரு மணி நேரம் மின்சாரம் இல்லை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் அண்ணன் சொன்னதை எழுதி வைத்துக்கொண்டேன்.

அந்தப் புட்டிகள் மூன்றும் ஒரே தோட்டத்து ஷிராஸ் திராட்சை, அவர் வேலை செய்யும் ஆலையில் செய்தவை. வருடம் மட்டும் வேறு: 2011, 2012, 2019. மலேசியாவுக்குள் வரியில்லாமல் ஆளுக்கு ஒரு லிட்டர் மதுதான் கொண்டுவரலாம், அதனால் அண்ணன், அண்ணி, கூட வந்த நண்பர் என்று ஆளுக்கொரு புட்டியாகக் கொண்டுவந்திருக்கிறார்கள். எதற்கு இவ்வளவு சிரமம் என்று கேட்டேன்.

"நான் என்ன வேலை செய்யறேன்னு அப்பாவுக்கு இதுவரைக்கும் தெரியாதும்மா. சாராயக் கடையில வேலைன்னுதான் நினைக்கிறாரு."

சிவப்பு ஒயினுக்கு வருடம்தான் முகவரி. லேபிளில் ஒரு வருடம் போட்டால் குறைந்தது 85 சதவீதம் அந்த வருடத்துத் திராட்சையாக இருக்க வேண்டும், இது ஆஸ்திரேலியச் சட்டம். நல்ல வருடம் என்று பெயர் எடுத்தால் விலை ஏறும், வாங்கிச் சேர்த்து வைப்பவர்களும் வருடத்தைப் பார்த்துத்தான் வாங்குவார்கள். பல வருடங்களைக் கலந்தது என்றால் மலிவுச் சரக்கு என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு. ஷாம்பெயின் பெரும்பாலும் பல வருடக் கலவைதான், பிரான்சின் வடக்கே குளிரில் விளைவதால் ஒரு வருடத்தை நம்ப முடியாது. போர்ட் என்கிற இனிப்பு ஒயினில் 20 வருடம், 30 வருடம் என்று போட்டிருப்பதும் பல வருடங்களைக் கலந்து அந்த முதிர்ச்சிக்குக் கொண்டுவந்ததுதான்.

"அதெல்லாம் நீ காபியில செய்யற மாதிரி, அப்பா பால்ல செஞ்ச மாதிரி. நேத்து இருந்தது நாளைக்கும் இருக்கணும். நான் சொல்றது அது இல்ல."

ஸ்பெயினில் ரிபேரா தெல் துவேரோ என்ற பகுதியில் வேகா சிசிலியா, 1864இல் தொடங்கிய ஆலை. அவர்களுடைய உச்சியில் இருப்பது ரெசெர்வா எஸ்பெஷியல். பெரும்பாலும் மூன்று நல்ல வருடங்களை எடுத்துக் கலப்பார்கள். கெட்ட வருடத்தை மறைக்க இல்லை. தனித்தனியாகவே பெரிய விலைக்குப் போகக்கூடிய ஒயின்களை எடுத்து, எந்த ஒரு வருடத்திலும் கிடைக்காத ஒன்றைத் தேடுகிறார்கள்.

ஆஸ்திரேலியாவில் பென்ஃபோல்ட்ஸ் என்ற ஒயின் நிறுவனம். அவர்களுடைய கிரேஞ்ச் என்ற ஒயினைப் பற்றிச் சொல்லும்போது அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். 1951இல் மேக்ஸ் ஷூபர்ட் என்ற ஒயின்காரர் சோதனையாகச் செய்தது. ருசி பார்த்தவர்களுக்குப் பிடிக்கவில்லை, 1957இல் நிறுத்தச் சொல்லி நிர்வாகம் உத்தரவு போட்டது. அவர் மூன்று வருடம் யாருக்கும் தெரியாமல் செய்துகொண்டே இருந்தார். பழைய புட்டிகள் முதிர்ந்து ருசி விளங்கிய பிறகு 1960இல் அவர்களே மறுபடி செய்யச் சொன்னார்கள். அந்த கிரேஞ்சின் 2008, 2012, 2014 வருடங்களைக் கலந்து 2017இல் ஜி3 என்று வெளியிட்டார்கள். 1,200 புட்டிகள்தான், ஒன்று 3,000 ஆஸ்திரேலிய டாலர். இன்றைய கணக்கில் ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல். அடுத்து ஜி4 நான்கு வருடங்கள், ஜி5 ஐந்து வருடங்கள்.

அந்த விலை எனக்கு வயிற்றைக் கலக்கியது, இப்போதும் நியாயமாகத் தெரியவில்லை. ஆனால் ஒன்று புரிகிறது. பத்து வருடத்துக்கு முந்தைய ஒயினை விற்காமல் எடுத்து வைக்க வேண்டும், அதில் முடங்கிய பணத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகும், தனியாகவே நன்றாக இருக்கும் ஒன்றை இன்னொன்றில் ஊற்றத் துணிய வேண்டும். கலந்தால் பிரிக்க முடியாது.

ஜூன் 2, திங்கள்

இன்று மாமன்னர் பிறந்தநாள் விடுமுறை. தெருவே அமைதி. பெரியம்மா மூன்று நிபந்தனை போட்டார்: சாமி படம் இருக்கும் வீட்டுக்குள் கூடாது, கார் நிறுத்தும் இடத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்; யாரும் விழுங்கக் கூடாது, துப்ப வேண்டும்; நாலு மணிக்குள் முடித்துக் கழுவி வைக்க வேண்டும். விழுங்காமல் துப்புவதுதான் எங்கள் தொழிலிலும் முறை என்று அண்ணன் சொன்னதும் பெரியம்மாவுக்கு முகம் மாறியது. "நிசமாவா?" என்று இரண்டு முறை கேட்டார். நானும் சொன்னேன், காபியைக்கூட நாங்கள் அப்படித்தான் பார்ப்போம் என்று.

சாமான்கள்: ஒரே மாதிரி கண்ணாடித் தம்ளர் எட்டு, கடைத்தெருவில் ஒன்று 2 வெள்ளி. மருந்துக்கடையில் 10 மில்லி ஊசிக்குழல், ஊசி இல்லாமல், 1 வெள்ளி 50 காசு. ஒரு வாளி. வெள்ளைத் தாள். பெரியப்பா நாற்காலியைத் தள்ளிப் போட்டு, முகத்தைத் தெருப் பக்கம் திருப்பி உட்கார்ந்தார்.

முதல் வாய் வீணாகிப் போனது. அண்ணன் காலையிலேயே புட்டிகளை வெளியே எடுத்து வைத்துவிட்டார், அங்கே 33 டிகிரி. வாயில் வைத்ததும் எரிச்சல் தவிர எதுவும் தெரியவில்லை. ஐஸ் கட்டி போட்ட தண்ணீரில் இருபது நிமிடம் வைத்து எடுத்த பிறகுதான் ஒவ்வொன்றும் தன் முகத்தைக் காட்டியது.

2011. பரோசாவில் அந்த வருடம் கோடை முழுக்கக் குளிரும் மழையும், கொடியிலேயே பூஞ்சை பிடித்து எவ்வளவோ பழம் போனது என்றார் அண்ணன். தம்ளரைத் தாளுக்கு மேல் சாய்த்தபோது ஓரம் செங்கல் நிறம். மிளகு வாசனை, நனைந்த சருகு வாசனை. வாயில் பழம் குறைவு, புளிப்பு நேரே எழுந்து நிற்கிறது.

2012. விளைச்சல் குறைவு, ஆனால் இதமான வருடம். இதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சமமாக, ஒழுங்காக, மெல்ல இறங்கியது.

2019. வெயில், வறட்சி, பழம் சிறுத்துப் போன வருடம். தாளை மறைக்கும் கறுப்பு. நாவல் பழமும் பேரீச்சையும். நாவல் பழம் தின்ற நாக்கு எப்படி மரத்துச் சுருங்குமோ அந்தத் துவர்ப்பு. துப்பிய பிறகும் தொண்டையில் சூடு நின்றது.

அண்ணன் ஊசிக்குழலால் 2012இல் ஆறு பங்கும் 2019இல் நாலு பங்கும் எடுத்து அடிக்கலவை செய்தார். அதை நான்கு தம்ளரில் பிரித்து, ஒன்றில் 2011 சேர்க்காமல், ஒன்றில் இருபதில் ஒரு பங்கு, ஒன்றில் பத்தில் ஒரு பங்கு, ஒன்றில் பத்தில் மூன்று பங்கு. தம்ளரின் அடியில் துண்டுத் தாள் ஒட்டி, எங்கள் கண்ணில் படாமல் அவற்றை இடம் மாற்றி வைக்க அண்ணியிடம் சொன்னார். எது எது என்று எங்கள் யாருக்கும் தெரியாது.

ஒன்று தண்ணீராகப் புளித்தது. ஒன்று பருமனாக, கனமாக வாயை அடைத்தது. இன்னொன்றும் ஏறக்குறைய அப்படியே, கொஞ்சம் இளகலாக. நான்காவதை முகர்ந்தபோது நான் கண்ணைத் திறந்துவிட்டேன். அதே நாவல் பழம்தான், ஆனால் அதற்கு மேலே மிளகு வாசனை. வாயில் கனம் இருந்தது, தேங்கவில்லை. ஜன்னல் திறந்த மாதிரி. அந்த மிளகு 2011இல் இருந்தது, ஆனால் அங்கே அது கசங்கிய இலையோடு சேர்ந்து வாடிப்போய்க் கிடந்தது.

அண்ணனுக்கு முந்தைய தம்ளர்தான் பிடித்தது. இருவரும் வாதாடிக்கொண்டிருந்தோம். பெரியப்பா நாற்காலியைத் திருப்பினார்.

"குடிக்க மாட்டேன். மோந்து பார்க்கலாமா?"

அண்ணன் ஒன்றும் பேசாமல் நான்கு தம்ளரையும் அவர் முன்னால் வரிசையாக வைத்தார். பெரியப்பா தம்ளரைத் தூக்கவில்லை, குனிந்தார். முப்பது வருடம் பால் கெட்டுப்போயிற்றா என்று மோந்து பார்த்த மூக்கு. முதலாவதைத் தள்ளினார், இரண்டாவதைத் தள்ளினார். மூன்றாவதிலும் நான்காவதிலும் மாறி மாறி ஐந்தாறு தடவை. கடைசியில் நான் சொன்ன தம்ளரின் பக்கம் விரலை வைத்தார்.

"இதுல மூணும் இருக்கு. மத்ததுல ஒன்னு இன்னொன்னு மேல ஏறி உட்கார்ந்திருக்கு."

அண்ணி தம்ளரைக் கவிழ்க்காமல் அடியைப் பார்த்துச் சொன்னார்: பத்தில் ஒரு பங்கு.

அண்ணன் அதற்கு மேல் வாதாடவில்லை. ஆலையில் இப்படித்தான் தொடங்கும், ஆனால் ஒரே நாளில் முடிவு எடுக்க மாட்டார்கள் என்று அப்பாவுக்கு விளக்க ஆரம்பித்தார். கலந்ததை மூடி வைத்து நாட்கள் கழித்து மறுபடி பார்ப்பார்கள். தனியாகத் தெளிந்து நின்ற இரண்டு ஒயின் சேர்ந்ததும் கலங்கலாம், அடியில் உப்பு படியலாம். காற்று படாமல் பார்க்க வேண்டும், அதற்கு நைட்ரஜன் போன்ற வாயுவை மேலே விடுவார்கள். பெரியப்பா ஒவ்வொன்றுக்கும் எதிர்க் கேள்வி கேட்டார். பாலில் அமோனியா விடுவது எதற்கு என்று அவர் சொன்னார், ஒயினில் கந்தகம் சேர்ப்பது எதற்கு என்று இவர் சொன்னார். நாலு மணி தாண்டிவிட்டது. பெரியம்மா கதவருகே வந்து நின்றார், கழுவச் சொல்லவில்லை. உள்ளே போய் எல்லோருக்கும் வடையும் தேநீரும் எடுத்துவந்தார்.

பத்தில் ஒரு பங்கு அளவிலேயே கொஞ்சம் கூடுதலாகக் கலந்து, ஒரு சின்ன ஜூஸ் புட்டியில் வாய்வரை நிரப்பி, மூடி, மேலே தாள் ஒட்டி 11, 12, 19 என்று அண்ணன் எழுதினார். பெரியம்மாவே அதை வாங்கிக் குளிர்ப்பெட்டியில் வைத்தார். மற்றதெல்லாம் வாளிக்குப் போனது.

ஜூன் 3, செவ்வாய்

மதிய ரயிலில் இடம் கிடைத்துவிட்டது. காலையில் இட்லி, சாம்பார், தேங்காய்ப் பாலில் செய்த ஒரு புட்டு. அதற்கு முன்பாக அண்ணன் அந்தச் சின்னப் புட்டியைத் திறந்து மூன்று தம்ளரில் ஊற்றினார், ஒன்று அப்பாவுக்கு, முகர. நேற்று வாயின் ஓரத்தில் பிடித்த துவர்ப்பு இன்று பின்னால் போயிருந்தது. மிளகு முன்னைவிட அடங்கி, ஆனால் நெடுநேரம் நின்றது. நேற்று மூன்று குரல் கேட்ட இடத்தில் இன்று எது எங்கே தொடங்குகிறது என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. அண்ணன் தலையாட்டினார், நேற்று தான் பார்த்தது தவறு என்று அப்பாவைப் பார்த்துச் சொன்னார்.

நிலையத்துக்கு எல்லோரும் வந்தார்கள். பெரியம்மா நெத்திலி சம்பாலை மூன்று பிளாஸ்டிக் பைக்குள் கட்டிக் கொடுத்தார், கூடவே ஐந்து வெள்ளி நோட்டு ஒன்று, வழியில் எதையாவது வாங்கித் தின்ன. நான் வேண்டாம் என்றேன், கோபித்துக்கொண்டார். மழை மறுபடி தூற ஆரம்பித்தது. ரயில் வரும் அறிவிப்பு கேட்டபோது பெரியப்பா அண்ணனின் முழங்கையைப் பிடித்துக் கேட்டார்:

"அந்தப் பதினொன்னு எவ்வளவு போட்டோம்?"

"பத்துல ஒன்னுப்பா."

"கூட்டாதே லா. அவ்வளவே போதும்."